குடலும் கணையமும் துணியில், கம்பியில்: அரை அளவு மாதிரி செய்து பார்த்த குறிப்பு

அளவு 1:2. பின்பலகை 40 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். குடலுக்குப் பருத்தித் துணி, மெசன்ட்ரி எனும் குடல்தாங்கிக்கு (சிறுகுடலை முதுகுச் சுவரோடு பிணைக்கும் சவ்வு) குரோஷா நூல், ரத்தக் குழாய்களுக்கு நூல் சுற்றிய செம்புக் கம்பி (தமனி சிவப்பு, சிரை நீலம்), கணையத்துக்குச் சுடக்கூடிய பாலிமர் களிமண்.

உறுப்புகளைத் தனித்தனியாகச் செய்து கடைசியில் பொருத்தும் திட்டம் முதல் முயற்சியிலேயே நின்றுபோனது. மேல் குடல்தாங்கித் தமனி கணையக் கழுத்துக்குப் பின்னாலிருந்து இறங்கி, கணையத் தலையின் கொக்கிப் பகுதிக்கும் டியோடினத்தின் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) மூன்றாம் பாகத்துக்கும் முன்னால் ஓடுகிறது. ஒரே உறுப்புக்குப் பின்னாலும் முன்னாலும் போகும் கம்பி இது. கணையத்தை ஒரே கட்டியாகச் சுட்டுவிட்டால் கம்பி நுழைய வழியில்லை. இரண்டாம் முயற்சி முதுகுப் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி, அடுக்கடுக்காக நடந்தது.

பலகையில் முள்ளெலும்பு மட்டங்களை ஏறக்குறைய 1.8 செ.மீ. இடைவெளியில் கோடு போட்டுக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. பெருநாடி நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம், கீழ்ப் பெருஞ்சிரை வலப்புறம். பெருநாடியின் முன்பக்கக் கிளைகள் மூன்று: டி12, எல்1 (கடைசி மார்பு முள்ளெலும்பும் முதல் இடுப்பு முள்ளெலும்பும்) சேருமிடத்தில் சீலியாக் தமனி (இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்குப் போவது), எல்1-இல் மேல் குடல்தாங்கித் தமனி, எல்3-இல் கீழ் குடல்தாங்கித் தமனி. மேல் தமனிக்கும் பெருநாடிக்கும் இடையே இடது சிறுநீரகச் சிரையையும் முதலிலேயே குறுக்கே வைத்துவிட வேண்டும்.

அடுத்து டியோடினம். நான்கு பாகங்கள் அரை அளவில் 2.5, 3.75, 5, 1.25 செ.மீ. தமனிக் கம்பியைப் பெருநாடியிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரியில் வளைத்தபோது, இடையில் போகும் மூன்றாம் பாகம் நசுங்கித் தட்டையானது. உடலிலும் இப்படி நடக்கிறது. அங்கே அந்தக் கோணம் சாதாரணமாக 38 முதல் 65 டிகிரி. அதைத் தாங்கி நிற்பது தமனியைச் சுற்றியுள்ள கொழுப்பு. கடுமையாக எடை குறைந்தவர்களுக்கு அந்தக் கொழுப்பு கரைந்து கோணம் ஒடுங்கினால், டியோடினம் அடைபட்டு வாந்தி வரும். மாதிரியில் கம்பியை 45 டிகிரிக்குத் திருப்பி, இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் பஞ்சு வைத்ததும் குழாய் நிமிர்ந்தது. அந்தப் பஞ்சை எடுத்துவிடாமல் விட்டுவைப்பது நல்லது. பார்ப்பவருக்கு அதுவே பாடம்.

கணையம் 7 செ.மீ. நீளம், இரண்டு துண்டுகள். தலையும் கொக்கியும் ஒன்று. கழுத்து, உடல், வால் இன்னொன்று. மேல் குடல்தாங்கிச் சிரையும் மண்ணீரல் சிரையும் கழுத்துக்குப் பின்னால் கூடித்தான் கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை உருவாகிறது. அதனால் குழாய்களைப் படுக்கவைத்த பிறகே கழுத்தை ஒட்ட வேண்டும். சிரை வலப்பக்கம், தமனி இடப்பக்கம். இதை மாற்றிவிட்டால் அதன்பின் எல்லாமே தப்பாகும். பித்தநாளமும் கணைய நாளமும் களிமண்ணுக்குள் போவதால் அவற்றுக்கு வெறும் செம்புக் கம்பிதான். பிளாஸ்டிக் உறையுள்ள கம்பி சூட்டில் இளகிக் களிமண்ணில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாளங்களும் கூடி, டியோடினத்தின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய 4.5 செ.மீ. தள்ளி, உட்பக்கச் சுவரில் திறக்கும்.

தலைக்கும் டியோடினத்துக்கும் இடையே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு தமனி வளைவுகள். மேல் பாதி சீலியாக் வழியாக, கீழ்ப் பாதி மேல் குடல்தாங்கித் தமனி வழியாக. இந்த மெல்லிய கம்பிகளைத் தைத்து முடித்ததும் இரண்டு உறுப்புகளையும் பிரிக்கவே முடியவில்லை. விப்பிள் அறுவையில் கணையத் தலையோடு டியோடினமும் சேர்ந்தே எடுக்கப்படுவதற்கு இந்தப் பொது ரத்த ஓட்டம் முக்கியக் காரணம். மண்ணீரல் தமனி கணையத்தின் மேல் விளிம்பில் நெளிந்து நெளிந்து போகும். கம்பியை நீளம் கூட்டியே வெட்டிக்கொள்ளுங்கள்.

அதிக நேரம் எடுத்தது குடல்தாங்கிதான். அதன் வேர் வெறும் 15 செ.மீ., எல்2-இன் இடப்புறத்திலிருந்து வலது சாக்ரோஇலியாக் மூட்டு (முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருமிடம்) வரை சாய்வாக. ஆனால் அதன் மறு விளிம்பு தாங்குவது ஆறு மீட்டர்ச் சிறுகுடல். நாற்பது மடங்கு! தட்டையான துணியில் எத்தனை கொசுவம் வைத்தாலும் இது வராது. வேர்ப்பக்கம் மடிப்புகள் குவிந்து பந்தாகிவிடும். குரோஷாவில் வரும். அரை செ.மீ. அகலத் தையலில் 15 தையல் போட்டால் 7.5 செ.மீ. வேர். முதல் இரண்டு வரிசை அப்படியே. 3, 5, 6, 8, 9-ஆம் வரிசைகளில் ஒவ்வொரு தையலையும் இரண்டாக்கினால் 30, 60, 120, 240, 480. 4-உம் 7-உம் கூட்டாத வரிசைகள். 10-ஆம் வரிசையில் நான்கு தையலுக்கு ஒன்று கூட்டினால் 600, அதாவது மூன்று மீட்டர். தொடக்க வரிசைகளிலேயே இரட்டிப்பைத் தொடர்ந்து செய்தால் வேர் விறைத்துச் சுருண்டு, பலகையில் தைக்க வராது.

சிறுகுடலுக்கு 5.5 செ.மீ. அகலப் பட்டையை கிராஸாக (இழைக்குக் குறுக்காகச் சாய்த்து) வெட்ட வேண்டும். நேர்வெட்டில் வளைவுகளில் குழாய் ஒடிந்து நிற்கும். மூன்று மீட்டரை ஒரேயடியாகத் தைத்தால் உள்வெளி திருப்ப முடியாது, 50 செ.மீ. துண்டுகள் ஆறு. பஞ்சைத் தளர்வாகவே அடைக்கவும். குழாயில் 10 செ.மீ.க்கு ஒரு குறி, விளிம்பில் 20 தையலுக்கு ஒரு குறி, இரண்டையும் பொருத்தித் தைக்க வேண்டும். குறியில்லாமல் தைத்தபோது கடைசியில் 40 செ.மீ. குடல் மிஞ்சியது.

முதல் 240 தையல் ஜெஜுனம் (டியோடினத்தை அடுத்த சிறுகுடல் பகுதி), மீதி 360 இலியம் (கடைசிப் பகுதி). ஜெஜுனத்தில் தமனி வளைவு ஒன்றிரண்டு அடுக்கு, குடலுக்குப் போகும் நேர்க்கிளைகள் நீளம். இலியத்தில் நான்கைந்து அடுக்கு, நேர்க்கிளைகள் குட்டை, இடையெல்லாம் கொழுப்பு. அங்கே மஞ்சள் கம்பளி நூலைக் குடல் ஓரம் வரை கோத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பெருங்குடலுக்கு 95 செ.மீ. குழாய், தொடக்கத்தில் 12 செ.மீ. துணி, முடிவில் 6 செ.மீ. அதன்மேல் 70 செ.மீ. நாடா மூன்று, சம தூரத்தில், இழுத்துத் தைத்தால் பைகள் தானாகவே புடைக்கும். ஒரு நாடா மட்டும் இறுகினால் குழாய் அந்தப் பக்கம் சுருளும். மூன்றும் குடல்வாலின் அடியில் சேர வேண்டும். ஏறுகுடலையும் இறங்குகுடலையும் பலகையோடு தைக்கலாம். குறுக்குக்குடல் கணையத்தின் முன் விளிம்பிலிருந்து தொங்கும். கருவில் நடுக்குடல் தன் தமனியான மேல் குடல்தாங்கித் தமனியை அச்சாக வைத்து இடஞ்சுழியாக 270 டிகிரி திரும்பியதால்தான் டியோடினம் தமனிக்குப் பின்னாலும் குறுக்குக்குடல் முன்னாலும் வந்தன.

நரம்புகளுக்குத் தனிப்பாதை போட்டது தவறு. அவை தமனியைப் பின்னிக்கொண்டே போகின்றன. ஆரஞ்சு நூல் பரிவு நரம்பு (சிம்பதடிக்): தண்டுவடத்தின் டி5 முதல் டி9 வரையிலிருந்து வருவதை சீலியாக் தமனியின் இருபுறமும் நரம்பணுத் திரளைக் குறிக்கும் முடிச்சில் முடித்து, அதே முடிச்சிலிருந்து புதிய நூலைத் தொடங்க வேண்டும். பச்சை நூல் வேகஸ் (மூளையிலிருந்து இறங்கி வரும் நரம்பு): முடிச்சுக்குள் நிற்காமல் ஊடுருவிப் போகும், ஏனெனில் அதன் இணைப்பு குடல் சுவரில்தான். குறுக்குக்குடலின் முதல் மூன்றில் இரண்டு பங்கோடு பச்சை நூலை நிறுத்தி, மீதிக்குத் தண்டுவடத்தின் அடிப்பகுதியான எஸ்2, எஸ்3, எஸ்4-இலிருந்து வெளிர்பச்சை நூலைக் கீழிருந்து ஏற்ற வேண்டும்.

மண்ணீரல் இன்னும் தைக்கப்படவில்லை. அதனால் கணைய வால் இப்போதைக்கு ஒரு குண்டூசியில் நிற்கிறது.