வேலி வரைக்கும்

மலேசியாவின் பினாங்கில், பாயா தெருபோங் பக்கத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் ஊராட்சி மன்ற வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் வேலி தெரிந்திருக்கும். வெளியே சாலை, கால்வாய், விளக்கு எல்லாம் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. உள்ளே இருப்பது பொதுச் சொத்து. அடுக்குமாடிச் சொத்துகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி அதைப் பராமரிக்க வேண்டியது ஜேஎம்பி, அதாவது வீட்டு உரிமையாளர்கள் அடங்கிய கூட்டு நிர்வாக அமைப்பு. மன்றப் பணம் அந்தக் கோட்டைத் தாண்டினால் தணிக்கைக்காரர்கள் விட மாட்டார்கள். இதைப் பல கூட்டங்களில் தடுமாறாமல் விளக்கியிருக்கிறேன். ஓர் அக்காவிடம் மட்டும் அந்த விளக்கம் வாயில் வரவில்லை.

வேலை சின்னது. சாலையோரத் திறந்த கால்வாய்க்கு கான்கிரீட் மூடி. கேட் வரை போட்டு முடித்தோம். கேட்டுக்கு உள்ளே அதே கால்வாயில் ஒரு மூடி உடைந்து, அதன் மேல் யாரோ பழைய பலகையைப் போட்டிருந்தார்கள். எங்களிடம் இரண்டு ஸ்லாப் மிச்சம். "பாஸ், அதையும் போட்டுடவா? அஞ்சு நிமிஷ வேலை" என்றார் குத்தகையாளர். வேண்டாம் என்றேன்.

சந்தைப் பையோடு நின்றிருந்த அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது.

"ஏன் தம்பி, ரெண்டு எட்டு உள்ள வந்தா என்ன?"

"உள்ள இருக்கற கால்வாய ஜேஎம்பிதான் பாக்கணும்க்கா. மன்றம் செலவு பண்ண முடியாது."

"வருஷத்துக்கு ரெண்டு தடவ மன்றத்துக்கு சுக்காய் வரி கட்டறேனே, அது வேலிக்கு எந்தப் பக்கம்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. நான் மாநில அரசின் பராமரிப்பு நிதியைப் பற்றிச் சொன்னேன். பழுதுச் செலவில் அது தருவது, பெயரிலேயே இருக்கிறதே, அதிகபட்சம் 80 விழுக்காடு. "மீதி இருபது?" என்றார். பராமரிப்புக் கட்டணத்தையே பாதிப் பேர் கட்டாத கட்டடத்தில் அந்த இருபது எங்கிருந்து வரும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சரி, கமிட்டியில் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஸ்லாப்பை நாங்கள் போட்டு, நாளைக்கு அதில் யாராவது கால் தவறினால் பொறுப்பு யாருடையது? பக்கத்து பிளாக்கும் கேட்கும், அதற்கடுத்த பிளாக்கும் கேட்கும். முகம் பார்த்து உள்ளே போக ஆரம்பித்தால், தமிழ் பேசுகிற அக்காவுக்கு ஒரு நியாயம், என்னோடு பேச வராத மலாய்க்காரப் பாட்டிக்கு ஒரு நியாயம் என்றாகிவிடும். இந்தக் கடைசிக் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகமாகவும் இருக்கிறது. அன்று அந்த இடத்தில் அது என் மனத்தில் வரவே இல்லை. வண்டியில்தான் வந்தது.

அப்புறம், வேலி அப்படி ஒன்றும் தாண்ட முடியாததும் இல்லை. பினாங்கு, கூட்டரசின் திடக்கழிவுச் சட்டமான 672-ஆம் சட்டத்தை ஏற்காத மாநிலம், அதனால் குப்பை அள்ளுவது இன்றும் மன்றத்தின் வேலை. லாரி தினம் கேட்டைத் தாண்டித்தான் போகிறது. டெங்கி வந்தால் புகையடிக்க மாடிப்படி வரை ஏறுகிறோம். கொசுவுக்கு வேலி இல்லை என்பது சட்டத்துக்குப் புரிகிறது; உடைந்த மூடி விஷயத்தில்தான் எல்லைக்கல் தேடுகிறோம்.

2012-இல் பினாங்கில் ஒரு பிபிஆர் குடியிருப்பில் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம் நடத்தினார்கள். எதற்கு முதலில் பணம் போக வேண்டும் என்பதைக் குடியிருப்பாளர்களே வாக்களித்துச் சொன்னார்கள். பிபிஆர் அரசாங்க வீடு, அங்கே இந்த வேலித் தகராறு வேறு மாதிரி. அக்காவின் கட்டடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கவுன்சிலரிடம் போகலாம் என்றால், அவர் மாநில அரசு நியமிப்பவர். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. மீண்டும் நடத்த பினாங்கு எடுத்த முயற்சியை 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் நிராகரித்தது. இதையெல்லாம் அன்று அவரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அப்ப யார்கிட்ட கேக்கறது?" என்றிருப்பார். அதற்கும் என்னிடம் ஜேஎம்பி என்ற பதில்தான் இருந்தது.

இன்னொரு முறை கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று சக ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களும் அதுதான் சரி என்றார்கள். ஆனால் இப்போதெல்லாம் மூடி போடும் வேலை முடிகிற நாளில் நான் இடத்துக்குப் போவதில்லை. மேற்பார்வையாளரை அனுப்பிவிடுகிறேன். மிச்சம் ஏதாவது இருந்ததா என்று அவரிடம் கேட்பதும் இல்லை.