தஞ்சாவூர் வீட்டில் ஒரு கிட்டார்

வீணைக்குப் பெயர்பெற்ற தஞ்சாவூரில் இருந்துகொண்டு நாற்பது வயதில் கிட்டார் வாங்கியதற்காக வீட்டில் என்னைக் கேலி செய்தார்கள். வீணையின் 24 மெட்டுகளை (தந்திகளுக்குக் குறுக்கே பதித்த கம்பிகளை) போலவே கிட்டாரின் மெட்டுகளும் அரைச்சுரக் கணக்கில் அமைந்தவை என்று வாசித்துக் காட்டியபின் கேலி சற்று அடங்கியது.

தொடக்கத்தில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசித்து விரல் நுனிகளைப் புண்ணாக்கிக்கொண்டேன். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். தந்தியை மெட்டின்மேல் அழுத்தாமல், அதை ஒட்டித் தலைப்பக்கமாக அழுத்தினால் குறைந்த பலத்திலேயே ஒலி தெளிவாக எழும்.

எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்தது கர்நாடக இசையின் தொடக்கப் பயிற்சியான சரளி வரிசைதான். எங்கும் அழுத்தாத திறந்த தந்தியை ஸட்ஜமமாக (‘ஸ’வாக) கொண்டு, அதே தந்தியில் 1, 4, 5, 7, 8, 11, 12 ஆம் மெட்டுகளை வரிசையாக வாசித்தால் மாயாமாளவகௌளை ராகம் முழுமையாகக் கிடைத்துவிடும் என்பதால், சிறுவயதில் பாடியதை விரல் தானாகவே தேடிச் செல்கிறது. (சுரங்களை அசைத்து வாசிக்கும் கமகம் மட்டும் வீணையளவுக்கு வராது.) பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கார்டுகளுக்கு (chords) வரும்போது, ஈ மேஜர் பிடியை அப்படியே மெல்லிய தந்திகளின் பக்கமாக ஒரு தந்தி கீழே நகர்த்தினால் ஏ மைனர் வந்துவிடும், இந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம்.

ஐப்பசி மழையில் எஃகுத் தந்திகள் விரைவில் துருப்பிடிப்பதால், வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் துடைத்து உறையில் வைத்துவிடுகிறேன்.