எரிமலைச் சாம்பலில் விளைந்த கிழங்கு

மெல்பர்னிலிருந்து மேற்கே காரில் மூன்றரை மணி நேரம். வார்னம்பூலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கொராய்ட், ஐரிஷ்காரர்கள் குடியேறிய ஊர். கடைத்தெருவை நடந்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பச்சைப் பெயிண்ட் அடித்த சில கடைகள், அயர்லாந்தின் அடையாளமான மூவிலைச் சின்னம், பழைய கொராய்ட் ஹோட்டல். ஆஸ்திரேலியாவில் ஹோட்டல் என்றால் பப். முதன்முதலில் இந்த நாட்டுக்கு வந்தபோது டிபன் கிடைக்கும் என்று நம்பி ஏமாந்தவன் நான்.

"இதைப் பார்க்கவாங்க இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள் மனைவி.

எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். பச்சைப் பெயிண்டும் மூவிலையும் எந்த நகரத்து ஐரிஷ் பப்பிலும் உண்டு. ஏப்ரல் கடைசி வாக்கில் ஐரிஷ் திருவிழா நடக்குமாம். நாங்கள் போனது திருவிழா இல்லாத ஒரு சாதாரண நாள்.

ஊரை விட்டு வெளியே வந்தபோதுதான் கண்ணில் பட்டது அந்த மண். கன்னங்கரேல் என்று, உழுது போட்ட வயல்கள். சாலையோரத்தில் ஆளில்லாத ஒரு கடை. உருளைக்கிழங்கு மூட்டைகளும் பக்கத்தில் ஓர் உண்டியலும். காசைப் போட்டுவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தோம்.

1840களில் அயர்லாந்தின் கேவன் பகுதியைச் சேர்ந்த வில்லியம் ரட்லெட்ஜ் இந்த வட்டாரத்தில் 5,120 ஏக்கரை மொத்தமாக வாங்கி, துண்டு துண்டாகக் குத்தகைக்கு விட்டார். எடுத்தவர்களில் பலர் ஐரிஷ்காரர்கள். சொந்த ஊரில் பண்ணையாருக்கு வாரம் அளந்தவர்கள் கடல் கடந்து வந்தும் இன்னொரு ஐரிஷ் பண்ணையாரிடமே கைகட்ட வேண்டியிருந்தது! 1845இல் அயர்லாந்தில் கிழங்குப் பயிரை நோய் தாக்கி, அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் பஞ்சத்தில் செத்தார்கள். அந்தச் சனம் இங்கே வந்து பயிரிட்டதும் அதே கிழங்கைத்தான். ஊர்ப்பெயர்களும் அயர்லாந்திலிருந்து வந்தவைதான். பக்கத்து ஊர் கில்லார்னி. இன்றைய போர்ட் ஃபேரிக்கு 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றுதான் பெயர். ஆனால் கொராய்ட் என்பது ஐரிஷ் பெயரே இல்லை. அவர்களுக்கு முன்பிருந்தே இந்த மண்ணின் மக்களான கொராய்ட்ச் குண்டிஜ்களின் பெயர் அது.

மண்ணின் கருப்புக்குக் காரணம் ஊரை ஒட்டியிருக்கும் டவர் ஹில் எரிமலை. அது வெடித்துச் சுமார் 37,000 ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் சாம்பல் படிவுக்கு அடியில் ஒரு கல்கோடரி கிடைத்திருக்கிறது. அப்படியானால் வெடிப்புக்கு முன்பே இங்கே ஆள் இருந்திருக்கிறார்கள். கோடரி செய்தவர் அதை எங்கே தொலைத்தோம் என்று தேடியிருப்பாரோ?

குடியேறியவர்கள் எரிமலைச் சரிவின் மரங்களை வெட்டி, ஆடுமாடு மேய்த்து மொட்டையாக்கினார்கள். 1961க்குப் பிறகு காட்டைத் திரும்ப வளர்க்க நினைத்தபோது, எங்கே எந்த மரம் நின்றது என்பதற்குக் கைகொடுத்தது ஓர் ஓவியம். 1855இல் யூஜின் வான் கெரார்ட் இலை, கிளை விடாமல் தீட்டி வைத்தது. அதைப் பார்த்து லட்சக்கணக்கில் கன்றுகளை நட்டார்கள். இப்போது ஈமு அங்கே சாவகாசமாக நடக்கிறது. என் மனைவியின் கையிலிருந்த சாண்ட்விச்சை ஒன்று வெகுநேரம் முறைத்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கிழங்கில் பொடிமாஸ் செய்தாள். மூன்று நாளில் மூட்டையில் பாதி காலி.

"அடுத்த தடவை ரெண்டு மூட்டையா வாங்கிடுங்க" என்றாள்.