"நல்ல கண்டிஷன்" என்று மட்டும் போடாதீர்கள்

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நமக்குள்ளேயே பாகங்களை வாங்கி விற்பது நல்ல விஷயம்தான், ஆனால் "செயின், கேசட் இருக்கு, நல்ல கண்டிஷன்" என்று மொட்டையாகப் போட்டால் எரிச்சல் வருகிறது (கேசட் என்பது பின்சக்கரத்தில் இருக்கும் பற்சக்கர அடுக்கு). புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் (உள் கண்ணியும் வெளிக் கண்ணியும் சேர்ந்தது ஒன்று) சரியாக 12 அங்குலம் இருக்கும்; ஸ்கேலை வைத்துப் பாருங்கள், கண்ணிகளை இணைக்கும் பின்னின் மையம் 12 அங்குலக் கோட்டிலிருந்து 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம், 1/8 என்றால் கேசட்டின் பற்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும், அதில் புதுச் செயின் போட்டாலும் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். ஸ்கேலோடு ஒரு போட்டோ போடுங்கள், பேச்சு முடிந்தது.

"10 ஸ்பீடு", அதாவது பின்னால் 10 கியர், என்பதும் போதாது. ஷிமானோவிலேயே 10 ஸ்பீடு ரோடு ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்) 10 ஸ்பீடு மலை பைக் டிரெய்லியருடன் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பாகம்) ஒத்துப் போகாது, கேபிளை இழுக்கும் அளவு வேறு. பாகத்திலேயே மாடல் எண் பொறித்திருக்கும், அதை எழுதினால் பாதிக் கேள்வி வராது. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் என்றால் விட்டத்தை எழுதுங்கள். 27.2 மி.மீ.யும் 27 மி.மீ.யும் ஒன்றில்லை, சாமி!

அப்புறம், கீழே விழுந்து அடிபட்ட கார்பன் ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன். உள்ளே இருக்கும் விரிசல் பெயிண்டுக்கு மேலே தெரியும் என்று சொல்ல முடியாது. விற்பவர் நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி.