ஆண்டுத் தகுதிச் சோதனைக்குக் காரை ஆயத்தப்படுத்திய அனுபவம்

காரின் தகுதிச் சான்று காலாவதியாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் இருக்கும்போதே இம்முறை வேலையைத் தொடங்கினேன். கடைசி வாரத்தில் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, "சோதனையில் தேறும்படி எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்வதுதான் பலருடைய வழக்கம். அப்படிச் சொன்னால் தேவையற்ற வேலையும் சேர்ந்தே பில்லில் ஏறும். உதிரிபாகம் ஏதேனும் கடையில் இல்லையென்றால், அது வந்து சேர்வதற்குள் சோதனைத் தேதியும் கடந்துவிடும். ஆகவே, என்னால் பார்க்கக்கூடியவற்றை முதலில் நானே பார்த்து, இன்ன இடத்தில் இன்ன குறை என்று சொல்லி வண்டியை ஒப்படைப்பதென முடிவு செய்தேன்.

விளக்குகளைப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. இருட்டிய பிறகு வண்டியைச் சுவரை ஒட்டிப் பின்னோக்கி நிறுத்திவிட்டால், பிரேக் விளக்குகள் இரண்டும் எரிகின்றனவா என்பதை உள்ளிருந்தபடியே சுவரில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். துணைக்கு ஆள் தேவையில்லை. முன்விளக்கில் ஒரு பல்பு மங்கியிருந்ததால் இரண்டையும் மாற்றினேன். எச்4 வகைப் பல்பின் மூன்று காதுகளும் அதனதன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லையென்றால், வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். சோதனையில் பல்பு எரிகிறதா என்பதோடு அதன் வெளிச்சம் எங்கே விழுகிறது என்பதையும் கருவி வைத்து அளக்கிறார்கள். ஹாலஜனுக்கென்று செய்த கூட்டில் எல்இடி பல்பைச் செருகுபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

டயரின் பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் பல நாடுகளில் குறைந்தபட்ச வரம்பாக உள்ள 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது என்று பொருள். என் டயர்களில் ஆழம் போதுமானதாகவே இருந்தது. ஆனால் முன் டயர் ஒன்றின் உள்விளிம்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தாலொழிய அது கண்ணில் படாது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு, ஒரே ஓரம் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை என்று பொருள். எனவே அலைன்மென்ட் எனக் குறித்துக்கொண்டேன்.

பிரேக்குக்குத்தான் அதிக நேரம் செலவாயிற்று. சோதனை நிலையத்தில் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, இடது வலது சக்கரங்களின் பிடிப்பைத் தனித்தனியே அளக்கிறார்கள். மொத்தப் பிடிப்பு போதுமானதாக இருந்தாலும், ஒரே அச்சிலுள்ள ஒரு சக்கரத்தின் பிடிப்பு மற்றதன் 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால், ஐரோப்பிய நாடுகளில் அது குறையாகவே எழுதப்படும்; மற்ற இடங்களில் எண் மாறலாம். சாலையில் ஓட்டும்போது இந்த வேறுபாட்டை உணர்வது கடினம் என்பதால், முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகள், வலப்பக்கம் இரண்டும் ஒரே கனத்தில் இருந்தன. இடப்பக்கத்தில் வெளிப்புறப் பேடில் பாதிக்கு மேல் மீதமிருக்க, உட்புறப் பேட் ஏறக்குறைய அடித்தகடு வரை தேய்ந்திருந்தது. பெரும்பாலான சிறிய கார்களில் பிஸ்டன் உட்புறப் பேடை மட்டுமே நேரடியாகத் தள்ளுகிறது. பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பர், 'பின்' எனப்படும் வழிகாட்டிக் கம்பிகளின் மேல் நகர்ந்து வெளிப்புறப் பேடை இழுத்து அழுத்த வேண்டும். அந்தப் பின்களில் ஒன்று துருவேறி இறுகிப்போயிருந்தது. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்ததே காரணம். மெக்கானிக் அதைச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் தடவி, உறையை மாற்றினார். பேடுகள் இரு பக்கமும் ஒருசேர மாற்றப்பட்டன. ஹேண்ட் பிரேக் தளர்ந்திருந்ததற்கு உடனே கேபிளை முறுக்காமல், முதலில் பின்சக்கர டிரம்மைத் திறந்து, அதை உள்ளிருந்து அழுத்தும் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யச் சொன்னேன். அதற்குப் பிறகு கேபிளில் சிறிதளவே வேலை இருந்தது.

டாஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரை மாற்றியபின், வண்டியின் கணினியில் பதிவாகியிருந்த பிழைக் குறியீட்டை அழித்தார்கள். குறியீட்டை அழித்தாலும் பேட்டரி வயரைக் கழற்றினாலும் வண்டியின் கணினி தன் சுயபரிசோதனைகளை முதலிலிருந்து தொடங்குகிறது. நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்டிய பிறகே அவை நிறைவடைகின்றன. கணினியைப் படித்துப் பார்க்கும் நிலையங்களில், முந்தைய நாள் அழித்துவிட்டு வந்தவர்கள் இதனாலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். முன்கூட்டியே தொடங்கியிருந்ததால் எனக்கு அதற்கும் அவகாசம் கிடைத்தது.

சோதனை நாளில் டிக்கியைக் காலிசெய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் மட்டும் விட்டுவைத்தேன். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்தேன். புகையிலுள்ள நச்சு வாயுக்களைத் தீங்கு குறைந்தவையாக மாற்றும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பிறகே ஒழுங்காக வேலை செய்யும் என்பதால், சுற்றுவழியாக ஓட்டிச் சென்று எஞ்சினைச் சூடாகவே கொண்டுபோய்ச் சேர்த்தேன். வரிசையில் காத்திருந்தபோதும் அணைக்கவில்லை.

பிரேக் அளவீட்டில் முன்சக்கரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. புகையும் வரம்புக்குள் இருந்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, நீண்ட கம்பியால் நெம்பிப் பார்த்த ஆய்வாளர், சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வலப்பக்கப் புஷ்ஷில் (இணைப்பிலுள்ள ரப்பர் உருளையில்) நூலிழை போன்ற வெடிப்பைக் காட்டி, இப்போதைக்குத் தடையில்லை என்று சொல்லி அறிக்கையில் குறிப்பாக மட்டும் எழுதினார். புஷ்ஷை மாற்றினால் அலைன்மென்டை மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், அடுத்த சர்வீசில் இரு பக்கப் புஷ்களையும் மாற்றி, அதன் பிறகு அலைன்மென்ட் செய்யும்படி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன்.