மிச்சமா நிக்கிற வாயு

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளவத்தை வகுப்பில இண்டைக்கு கிரகாமின்ர விதி, அதாவது பாரம் குறைஞ்ச வாயு சின்னத் துவாரத்தால வேகமா வெளியேறும் எண்டது. இயற்கை வாயுவில மெதேனோட கலந்திருக்கிற ஈலியத்தை எப்பிடிப் பிரிக்கிறது எண்டு கதை வந்துது. ஒரு பிள்ளை கேட்டாள், "மிஸ், ஈலியம் அவ்வளவு பாரமில்லாதது எண்டா சிலிண்டரை நிமித்தி வச்சா மேல வந்து சேராதோ, மேலால திறந்து எடுக்கலாம்தானே?" அருமையான கேள்வி. சேராது பிள்ளை. வாயுக்கள் எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரிஞ்சு நிக்காது, மூலக்கூறுகள் ஓயாம மோதிக்கொண்டு திரியிறதால எல்லாம் கலந்தே இருக்கும். பலூன் மேல போறது ஈலியத்தை றப்பருக்குள்ள அடைச்சு வச்சிருக்கிறதாலதான்.

சின்னத் துவாரத்தால விட்டா? மூலக்கூற்றுத் திணிவு மெதேனுக்கு 16, ஈலியத்துக்கு 4, வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 2. ரெண்டு மடங்கு வேகம், அவ்வளவுதான். ஒருக்கா விட்டு சுத்தமா எடுக்கவே ஏலாது.

மார்ச் 6, வியாழன்

இண்டைக்கு கொதிநிலையைப் பாகை செல்சியஸில பலகையில எழுதிப் போட்டன். மெதேன் மைனஸ் 161, நைதரசன் மைனஸ் 196, ஈலியம் மைனஸ் 269. எழுதினதும் அண்டைக்குக் கேள்வி கேட்டவளின்ர முகத்தில விளங்கினது தெரிஞ்சுது, எனக்கு அதுவே போதும்.

இயற்கை வாயுவில முதல்ல காபனீரொட்சைட்டையும் நீராவியையும் எடுக்கோணும், இல்லாட்டி உறைஞ்சு குழாயை அடைச்சுப்போடும். பிறகு அமுக்கத்தில வச்சுக் குளிராக்கக் குளிராக்க மெதேன் திரவமாகும், நைதரசனும் பெரும்பாலும் திரவமாகும், ஈலியம் மட்டும் வாயுவாவே நிக்கும். அதாவது ஈலியத்தை ஒருத்தரும் பிடிக்கிறேல்ல, மத்ததுகளை விழுத்துறம், மிச்சமா நிக்கிறதுதான் அது. அதிலயும் நைதரசன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை அமுக்கத்தில கரியால நிரப்பின கோபுரத்துக்குள்ள விட்டா கரி நைதரசனைப் பிடிச்சுக்கொள்ளும், ஈலியம் கடந்து போயிடும், அமுக்கத்தைக் குறைச்சா கரி பிடிச்சதை விட்டுடும், ஒரு கோபுரம் வேலை செய்யேக்க மத்தது துப்புரவாகும். 99.99 வீதத்துக்கு மேலயும் எடுக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

காலிமுகத்திடல்ல ஒரு சின்னப்பெடியன்ர பலூன் கைநழுவிப் போச்சு. எனக்கு உண்மையாவே மனம் கஷ்டப்பட்டுது. பூமிக்குள்ள யுரேனியமும் தோரியமும் தேய்ஞ்சு தேய்ஞ்சு கோடிக்கணக்கான வருசமா சேர்த்த வாயு அது. காத்தில பத்து லட்சத்தில 5 பங்குதான் இருக்கு, திருப்பி எடுக்கிறது கட்டுப்படியாகாது. எம்ஆர்ஐ மெஷின்ர காந்தத்தைக் குளிரா வச்சிருக்கிறதும் இதுதான்.

1903இல அமெரிக்காவில கன்சாஸ் டெக்ஸ்டர் எண்ட ஊரில ஒரு கிணத்து வாயு, நெருப்பு வச்சும் பத்தேல்ல. பெரும்பங்கு நைதரசன். 1905இல ஆராய்ஞ்சு பாத்தா உள்ளுக்க ஈலியமும் இருந்திருக்கு. செவ்வாய்க்கிழமை இந்தக் கதையிலதான் தொடங்கப்போறன், ஏன் பத்தேல்ல எண்டு பிள்ளையளே சொல்லட்டும்.