கிருஷ்ணய்யரின் தீர்ப்புகளும் ஒரு ஜாமீன் வழக்கும்: நாட்குறிப்பு

10 நவம்பர் 2025, திங்கள்

செஷன்ஸ் நீதிமன்றம் ஜாமீன் வழங்கி வாரங்கள் ஓடிவிட்டன; என் கட்சிக்காரர் இன்னும் கிளைச் சிறையில்தான் இருக்கிறார். ஒடிசாவிலிருந்து பின்னலாடைக் கம்பெனி வேலைக்கு வந்த இளைஞர் அவர். தங்கியிருந்த அறையில் கைப்பேசி திருடியதாக வழக்கு. பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரமும் (வாய்தாவுக்கு வரத் தவறினால் அந்தத் தொகையைக் கட்டுவதாகத் தானே எழுதித் தருவது), அதே தொகைக்கு இரு நபர் ஜாமீனும் கொடுக்க வேண்டும், ஜாமீன்தாரர்களில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. செய்தி அறிந்து அவருடைய அண்ணன் ரயிலேறி வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, ஒடியா எழுத்தில் அச்சான நில ஆவணம் ஆகியவற்றை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். ஆனால் உள்ளூரில் வீட்டு வரி ரசீது உள்ளவர்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்று சொல்லிப் பத்திரத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள்.

நீதிமன்ற வாசலில் ஜாமீன் நிற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கொடுக்க அண்ணனிடம் பணம் இல்லை. இருந்திருந்தாலும் அந்த வழியை நான் காட்டப் போவதில்லை. நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடுவதே சரி. அந்த மனுவுக்கான வாதத்தை 1978இலேயே உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

12 நவம்பர் 2025, புதன்

மாலையில் வக்கீல் சங்க நூலகத்தில் உட்கார்ந்து, மோத்தி ராம் எதிர் மத்தியப் பிரதேச அரசு தீர்ப்பை முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன். 1978 ஆகஸ்டு 24 அன்று நீதிபதி டி.ஏ. தேசாயுடன் அமர்ந்து நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதியது. மோத்தி ராம் ஓர் ஏழைக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொன்னதே உச்ச நீதிமன்றம்தான். அதன் பிறகும் தலைமைக் குற்றவியல் நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்; அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ஜாமீன் நிற்க முன்வந்தபோது, ஆளும் சொத்தும் வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி அவரைத் தள்ளினார். அந்தக் காலத்தில் பத்தாயிரம் ரூபாய் என்பது ஒரு கொத்தனார் வாழ்நாளில் மொத்தமாகக் கையில் பார்த்திருக்க முடியாத தொகை. எங்கள் வழக்கில் மாவட்டத்தின் இடத்தில் மாநிலம் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தத் தீர்ப்பில் ஓரிடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். மலையாளியோ, கன்னடரோ, தமிழரோ, ஆந்திரரோ பஸ்தரிலும் போர்ட் பிளேரிலும் பஹல்காமிலும் சாந்தினி சவுக்கிலும் திருட்டு, அத்துமீறல் போன்ற குற்றச்சாட்டுகளில் கைதானால் என்ன செய்வார், அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்கிறார். அன்று அவர் நினைத்துப் பார்த்தது பிழைப்புக்காக வடக்கே போன தென்னாட்டுக்காரனை. இன்று திசை மாறிவிட்டது. நம் ஊருக்கு வந்த ஒடியாக்காரருக்கு அதே கேள்வியை நான் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. முடிவில் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரத்தின் பேரில் மோத்தி ராமை விடுவிக்கச் சொன்னார்.

அவருடைய ஆங்கிலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியத்துக்குள் லத்தீன், உவமை, எதுகை மோனை எல்லாவற்றையும் திணித்துவிடுவார். ஜூனியராக இருந்த நாள்களில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் அவரைப் படித்தேன். இந்த நடைக்காக அவரைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. என் மரியாதையெல்லாம் அந்தச் சொற்குவியலுக்கு அடியில் ஓடுகிற நடைமுறை அறிவுக்குத்தான். ஜாமீன் கொடுப்பது ஒன்று, ஜாமீனில் ஆள் வெளியே வருவது வேறொன்று என்பதைக் கீழ்க் கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்தான் உணர முடியும். அவர் 1938 வாக்கிலேயே தலச்சேரியில் தொழிலைத் தொடங்கி, அங்கே விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வழக்காடியவர். டெல்லிக்குப் போன பிறகும் அந்த வராந்தா அவர் எழுத்தை விட்டுப் போகவில்லை.

15 நவம்பர் 2025, சனி

இன்று கிருஷ்ணய்யரின் பிறந்தநாள். 1915இல், அன்றைய சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பாலக்காட்டில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தார். 1952இல் கூத்துப்பறம்பு தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கு வந்தார், 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையில் சட்டமும் உள்துறையும் சிறைத்துறையும் அவர் கையில் இருந்தன. அதற்கு முன்பே, 1948இல், கம்யூனிஸ்டுகளுக்கு உதவியதாகக் குற்றம் சாட்டப்பட்டுத் தானே சிறையில் இருந்து பார்த்தவர். திகார் சிறையில் சக கைதி ஒருவர் வார்டரால் சித்திரவதை செய்யப்பட்டதாக, மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் அவர் அளித்த தீர்ப்பைப் படிக்கிறபோது, அந்தச் சிறைவாசம் எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை. மனு எந்தப் படிவத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கடிதம் பதிவாளர் மேசையிலேயே மடிந்திருக்கும்.

சங்க அறையில் தேநீர் நேரத்தில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தது. வயதில் மூத்த வக்கீல் ஒருவருக்கு அவர் மேல் பழைய கோபம்.

"எல்லாம் சரி தம்பி, 1975இல் இந்திரா காந்திக்குத் தடையாணை கொடுத்தாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?" என்றார்.

"முழுத் தடை கொடுக்கவில்லையே சார்," என்றேன்.

அன்றைக்கு நடந்ததை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்ஹா, ராஜ் நாராயண் தொடுத்த வழக்கில், பிரதமர் இந்திரா காந்தி மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை ரத்துச் செய்கிறார். மேல்முறையீடு கோடை விடுமுறை நீதிபதியான கிருஷ்ணய்யரிடம் வருகிறது. சட்ட அமைச்சர் கோகலே நேரில் சந்திக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டதையும், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று தாம் மறுத்ததையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிரதமருக்காக நானி பல்கிவாலாவும் ராஜ் நாராயணுக்காகச் சாந்தி பூஷணும் வாதாடினார்கள். ஜூன் 24 அன்று அலகாபாத் தீர்ப்புக்கு வந்தது நிபந்தனைத் தடை: அவையில் அமரலாம், பதிவேட்டில் கையெழுத்திடலாம், உறுப்பினராக வாக்களிக்கவும் ஊதியம் பெறவும் கூடாது, பிரதமராக நீடிக்கத் தடையில்லை. மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்துவிட்டது.

தடையை அடியோடு மறுத்திருக்க வேண்டும் என்பது மூத்தவரின் கட்சி. தேர்தல் மேல்முறையீட்டில் சாதாரண உறுப்பினர் ஒருவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் அதே உத்தரவைப் பிரதமருக்கும் கொடுத்தார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பது என் கட்சி. ஆளைப் பார்த்து அளவு மாற்றாத அந்தத் துணிவு எனக்குப் போதும். மூத்தவர் ஒப்புக்கொள்ளாமலே எழுந்து போனார்.

கிருஷ்ணய்யரை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1973இல் எதிர்த்த பம்பாய் வக்கீல்களில் சோலி சொராப்ஜியும் ஒருவர். தாம் நினைத்தது தவறு என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னவரும் அவரேதான். இதை மூத்தவரிடம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை.

18 நவம்பர் 2025, செவ்வாய்

செஷன்ஸ் நீதிமன்றத்தில் மனு இன்று விசாரணைக்கு வந்தது. மோத்தி ராம் தீர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்களைக் கையளித்தேன். ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாதவர்களின் நிபந்தனையை நீதிமன்றமே முன்வந்து தளர்த்தலாம் என்றும், விடுதலை தாமதமாக உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதும் ஒரு காரணம் என்பதால் அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் அதில் இருக்கிறது. 1978இல் சொன்னதை 2023இல் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது என்பதை யோசித்தால் ஆயாசமாகத்தான் இருக்கிறது. இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமே போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது; பிணைத் தொகை மிகையாக இருக்கக் கூடாது என்ற பழைய 440ஆம் பிரிவு அதில் 484 ஆகியிருக்கிறது. எண் மாறினாலும் ஜாமீன் பத்திரம் சரிபார்க்கும் மேசையில் பழக்கம் மாறவில்லை.

அரசு வழக்கறிஞர், ஆள் ஊருக்குப் போய்விட்டால் வாய்தாவுக்கு யார் கொண்டுவருவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேலை கொடுத்த கம்பெனி அவரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். ஐயாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம், அண்ணன் ஒருவரே ஜாமீன், வாரம் ஒருமுறை காவல் நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவாயிற்று. மாலையிலேயே பத்திரம் ஏற்கப்பட்டது. இருட்டுவதற்குள் ஆள் வெளியே வந்துவிட்டார்.

20 நவம்பர் 2025, வியாழன்

இன்று கிருஷ்ணய்யர் எதிர்த்தரப்பில் இருந்தார். முன்சீப் கோர்ட்டில் புரோ நோட்டு (கடன் பத்திரம்) வழக்கொன்றின் நிறைவேற்று மனு, அதாவது தீர்ப்பான பணத்தை வசூலிக்கக் கேட்கும் மனு. நான் டிக்ரிதாரருக்கு, அதாவது தீர்ப்பு வாங்கிய கடன் கொடுத்தவருக்கு, ஆஜராகிறேன். பணம் கட்டாத கடனாளிக்குக் கைது வாரண்டு கேட்டிருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 1980 பிப்ரவரியில் வந்த ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் தீர்ப்பை நீட்டினார். கடனைக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறைக்கு அனுப்ப முடியாது, இப்போது கையில் வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறார் என்று காட்ட வேண்டும், வறுமை குற்றமாகாது என்று கிருஷ்ணய்யர் எழுதியது அது.

வழக்கு எனக்கு எதிராகத் திரும்பிய நேரத்திலும் அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஜாமீனுக்குச் சொத்துக் காட்ட முடியாதவனும் கடனைக் கட்ட முடியாதவனும் அவர் பார்வையில் ஒரே ஆள்தான். செவ்வாய்க்கிழமை எனக்கு வேண்டியிருந்த நீதிபதி வியாழக்கிழமை வேண்டாதவராகிவிட முடியுமா? ஆனால் எங்கள் கடனாளி இல்லாதப்பட்டவர் அல்லர் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தால் போதாது, காட்ட வேண்டும். கடனாளியின் மாவு மில் வாடகைக்கு விடப்பட்டிருக்கிறதா, வாடகை யார் பெயரில் வாங்கப்படுகிறது என்று விசாரித்து ஒப்பந்த நகலோடு வரும்படி டிக்ரிதாரரிடம் சொல்லியிருக்கிறேன். வசதி பற்றிய விசாரணைக்கு டிசம்பர் 4 வாய்தா.